இரண்டாம் அணியும் இளைஞர் வளர்ச்சியும்

விளையாட்டைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் வென்றவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். கோப்பையை ஏந்திய கைகளையும், தோள்மீது தூக்கப்பெற்ற தலைவனையும் உலகம் கண்டு மகிழ்கிறது. அக்கைகள் எங்கே உரம் பெற்றன, அத்தலைவன் எத்தனை வாரங்கள் பார்வையாளர் அருகிய மைதானங்களில் சேறு படிய ஆடினான் என்பதை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அச்சிலருள் நாமும் சேர வேண்டும் என்னும் விருப்பமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நாம் எடுத்துக்கொண்ட பொருள் ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தில் ‘ரிசர்வ்’ எனப்படும் இரண்டாம் அணியும், அவ்வணியில் இளைஞர் வளர்க்கப்படும் முறையுமாகும். கடல்கடந்த நாட்டின் ஆட்டத்தைத் தமிழ் மலரில் எழுதுவானேன் என்று வினவுவோர் உளராயின், இளைஞரை வளர்ப்பது எங்ஙனம் என்னும் வினா எந்நாட்டிற்கும் உரியது என்பதே நம் விடை. அவ்வினாவிற்கு அந்நாட்டார் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு களத்தில் விடை தேடி வருகின்றனர். அவர் கண்டவை சில, தவறவிட்டவை சில. இரண்டும் அறியத் தக்கனவே.

ஆட்டமும் அமைப்பும்

இவ்வாட்டம் 1850களின் இறுதியில் மெல்போர்ன் நகரில் தோன்றியது. அதன் முதல் எழுத்து விதிகள் 1859ஆம் ஆண்டு மே திங்களில் வகுக்கப்பெற்றன. பந்தும் முட்டை வடிவம். மைதானமும் முட்டை வடிவம். ஒரு பக்கத்திற்குப் பதினெண்மர் ஆடுவர். பந்தைக் கையால் எறிதல் கூடாது. காலால் உதைக்கலாம், அல்லது ஒரு கையில் ஏந்தி மறு கையின் முட்டியால் குத்தித் தோழனுக்கு அனுப்பலாம். உதைக்கப்பட்ட பந்து 15 மீட்டருக்குக் குறையாது பறந்து வருகையில், எவர் கையும் தரையும் படுமுன் பிடித்துவிட்டால் அது ‘மார்க்’ எனப்படும். பிடித்தவர் இடையூறின்றி உதைக்கும் உரிமை பெறுவார். எல்லையில் நான்கு கம்பங்கள் நிற்கும். நடுக் கம்பங்கள் இரண்டின் இடையே பந்தை உதைத்தால் 6 புள்ளிகள். பக்கத்து இடைவெளியில் சென்றால் 1 புள்ளி.

விக்டோரியா மாநிலத்தின் தலைசிறந்த கழகங்கள் கூடி நடத்திய வி.எஃப்.எல். என்னும் லீக் 1897ஆம் ஆண்டு தன் முதற் பருவத்தைக் கண்டது. அதுவே நாடு தழுவி விரிந்து, 1990 முதல் ஏ.எஃப்.எல். என்னும் பெயரைப் பூண்டது. அதன் கழகங்களுக்கு உரிய இரண்டாம் அணிகளின் போட்டி 1919இல் தொடங்கி 1999 வரை எண்பதாண்டுக் காலம் நடைபெற்றது. முதலணியின் ஆட்டத்திற்கு முன்னர், அதே மைதானத்தில், இரண்டாம் அணி ஆடுவது நெடுங்கால வழக்கம். தந்தையோடு காலையிலேயே வந்த சிறுவன் நாளைய வீரனை முற்பகலிலும் இன்றைய வீரனைப் பிற்பகலிலும் ஒரே இடத்தில் அமர்ந்து கண்டான்.

2000ஆம் ஆண்டில் அவ்வழக்கம் மாறியது. அம்மாநிலத்தில் 1877 முதல் இயங்கிவந்த மற்றொரு சங்கப் போட்டி, 1996இல் வி.எஃப்.எல். என்னும் பழைய பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டிருந்தது. அப்போட்டியுடன் இரண்டாம் அணிகளின் போட்டி இணைக்கப்பட்டது. சில பெருங்கழகங்கள் தம் சொந்த இரண்டாம் அணியை அதில் இறக்கின. வேறு சில, பாக்ஸ் ஹில், வில்லியம்ஸ்டவுன், பெண்டிகோ போன்ற ஊர்க் கழகங்களோடு உடன்பாடு செய்துகொண்டு, முதலணியில் இடம் பெறாத வீரரை அவ்வூர் அணிக்கு அனுப்பின. இவ்வாறு, தனக்கென வரலாறும் கொடியும் ஆதரவாளரும் உடைய ஊர்க் கழகம் ஒரு பெருங்கழகத்தின் பயிற்சிக் கூடமாகவும் ஆயிற்று. நாம் கீழே பேசவிருக்கும் சிக்கல்களுள் பல இவ்விணைப்பில் பிறந்தவையே.

பதினெட்டு வயதின் சுமை

1986 முதல் இவ்வாட்டத்தில் ‘டிராஃப்ட்’ எனும் தெரிவுமுறை நடைமுறையில் உள்ளது. சென்ற பருவத்தில் கடையிடம் பெற்ற கழகம் முதலில் தெரிவு செய்யும். வாகை சூடிய கழகம் இறுதியில் தெரிவு செய்யும். இன்றைய விதிப்படி, அவ்வாண்டின் முடிவிற்குள் பதினெட்டு வயது நிறைவோரே தெரிவிற்கு உரியர். இளைஞன் தான் விரும்பும் கழகத்தைத் தெரிந்தெடுப்பதில்லை. கழகமே அவனைத் தெரிந்தெடுக்கிறது. பெர்த் நகரத்து இளைஞன் பிரிஸ்பேனுக்கும், அடிலெய்டு இளைஞன் சிட்னிக்கும் பெட்டி கட்டிப் புறப்பட வேண்டி வரலாம்.

அவன் புறப்படும்போது அவனூரே வழியனுப்புகிறது. பதினெட்டு வயதிற்குட்பட்டோர் அணியில் அவனே தலைசிறந்தவன். பந்து எப்போதும் அவனைத் தேடியே வந்தது. புதிய கழகத்திலோ நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர் உளர். வாரந்தோறும் களமிறங்குவோர் இருபத்துமூவர். காயமுற்றோர் நீங்கலாக எஞ்சியோர் அனைவரும் இரண்டாம் அணிக்குச் செல்வர். நேற்று ஊரின் நாயகனாய் இருந்தவன், இன்று முப்பது வயது மூத்தோருக்கு எதிரே, சில நூறு பேர் முன்னிலையில், தனக்குப் பழக்கமில்லாத ஓரிடத்தில் நின்று ஆட வேண்டும். அவன் வாழ்வில் முதன்முறையாக ‘இவ்வாரம் உனக்கு இடமில்லை’ என்னும் சொல்லைக் கேட்கிறான். அச்சொல்லை அவனிடம் எவர் சொல்கிறார், எவ்வாறு சொல்கிறார், சொன்னபின் என்ன செய்கிறார் என்பனவற்றைப் பொறுத்தே அவன் வளர்ச்சி அமைகிறது என்பது நம் துணிபு.

இரு கட்சிகள்

இரண்டாம் அணி எதற்காக உள்ளது என்பதில் இரு கட்சிகள் உண்டு. முதற் கட்சியார், அது வளர்ச்சிக்காக மட்டுமே உள்ளது என்பர். வெற்றி தோல்வியைக் கருத வேண்டா. தாக்குவோனைத் தற்காப்பில் நிறுத்திப் பார்க்கலாம். ஓட்டக்காரனை இரண்டு கால்பகுதிகள் மட்டும் ஆடவிட்டு ஓய்வளிக்கலாம். முதலணிக்கு எது வேண்டுமோ அதுவே இங்கு நடைபெறட்டும் என்பது அவர்தம் கூற்று. மறு கட்சியார், ஆட்டம் என்றால் வெல்வதற்கே ஆட வேண்டும் என்பர். தோற்பதற்குப் பழகியவன் மேலேறிய பின்னும் தோற்கவே செய்வான்; ஊர்க் கழகத்தின் ஆதரவாளர் பணம் கொடுத்து நுழைவது சோதனைச்சாலையைக் காண்பதற்கன்று என்பது அவர்தம் வாதம்.

இரு கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் வரலாற்றை நோக்கின் இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டுவன அல்ல என்பது புலனாகும். ஜீலாங் கழகம் 1963க்குப் பின் 44 ஆண்டுகள் காத்திருந்து 2007இல் ஏ.எஃப்.எல். பட்டத்தை வென்றது, அதே ஆண்டு அதன் இரண்டாம் அணி வி.எஃப்.எல். பட்டத்தை வென்றது. வெஸ்டர்ன் புல்டாக்ஸ் கழகம் 1954க்குப் பின் 62 ஆண்டுகள் காத்திருந்து 2016இல் முடிசூடியது. அதற்கு ஒரு வாரம் முன்னரே, புட்ஸ்கிரே என்னும் பழம்பெயரில் ஆடும் அதன் இரண்டாம் அணி வாகை சூடியிருந்தது. 2019இல் ரிச்மண்ட் கழகமும் இரு பட்டங்களையும் ஒருங்கே பெற்றது.

வலிய கழகம் இரண்டிலும் வெல்வது இயல்புதானே என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு பொருத்தமுடையதே. ஆயினும் 2016இன் புல்டாக்ஸ் வெற்றியைச் சற்று உற்றுநோக்குவோம். அப்பருவத்தில் அக்கழகம் பட்டியலில் ஏழாமிடத்தையே பெற்றது. அதன் தலைவர் ராபர்ட் மர்பி பருவத்தின் மூன்றாம் வாரத்திலேயே முழங்காற் காயத்தால் விலக நேர்ந்தது. மற்றும் பலரும் காயமுற்றனர். ஒவ்வொரு வெற்றிடத்தையும் நிரப்ப இரண்டாம் அணியிலிருந்து ஒருவர் ஆயத்தமாக இருந்தார். பருவத்தின் பல வாரங்களை அங்கே கழித்தவர்கள் இறுதிப் போட்டியில் ஆடினர். இரண்டாம் அணியில் அவர்கள் வெல்வதற்கே ஆடிப் பழகியிருந்தனர். முதலணி கைக்கொண்ட அதே ஆட்டமுறையை அங்கும் கைக்கொண்டிருந்தனர். ஆகவே மேலேறியபோது மைதானமும் எதிரியும் மாறினவேயன்றி, ஆற்ற வேண்டிய பணி மாறவில்லை. அவ்விறுதிப் போட்டியின் பரிசளிப்பு மேடையில் பயிற்சியாளர் லூக் பெவரிட்ஜ், களத்தில் இறங்க இயலாதுபோன மர்பியை அழைத்துத் தம் பதக்கத்தை அவர் கழுத்தில் அணிவித்தார். வெளியே நின்றவனும் அணியைச் சேர்ந்தவனே என்னும் கருத்தை அக்கழகம் உள்ளபடியே போற்றியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

எனவே நாம் கூறுவது இது: இரண்டாம் அணி வெல்வதற்கே ஆட வேண்டும், அவ்வெற்றியில் இளைஞனுக்கு உண்மையான பொறுப்பும் அளிக்கப்பட வேண்டும். மூத்தோரை மட்டுமே கொண்டு வென்றால் இளைஞன் வேடிக்கை பார்ப்பவன் ஆவான். வெற்றியைப் பொருட்படுத்தாது அவனை ஆடவிட்டால் தன் கணக்கில் எத்தனை உதை, எத்தனை மார்க் என்று எண்ணும் தன்னலமே அவனுள் வளரும்.

மூவர் கூறும் பாடம்

சாம் மிட்சல் என்பவரை முதலில் குறிப்பிடுவோம். 2000ஆம் ஆண்டுத் தெரிவில் எக்கழகமும் அவரைக் கொள்ளவில்லை. அடுத்த ஆண்டு பாக்ஸ் ஹில் என்னும் ஊர்க் கழகத்தில் ஆடினார். 2001 தெரிவில் ஹாதார்ன் கழகம் அவரை 36ஆம் இடத்தில் கொண்டது. 2002இல் முதலணியில் அவருக்கு நிலையான இடம் கிட்டவில்லை, அவ்வாண்டு வி.எஃப்.எல். போட்டியின் தலைசிறந்த வீரருக்குரிய லிஸ்டன் விருதைப் பெற்றார். 2003இல் ஏ.எஃப்.எல். போட்டியின் தலைசிறந்த இளம் வீரர் எனப் போற்றப்பட்டார். 2008இல் ஹாதார்னின் தலைவராகப் பட்டத்தை ஏந்தினார். அக்கழகம் 2013, 2014, 2015 ஆகிய ஆண்டுகளில் பெற்ற பட்டங்களிலும் அவர் பங்கு கொண்டார். பின்னர் 2021இல் பாக்ஸ் ஹில் அணிக்கே பயிற்சியாளராகத் திரும்பி, 2022 முதல் ஹாதார்ன் கழகத்தின் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். ஒதுக்கப்பட்ட இளைஞனாக நுழைந்த அதே வாயிலின் வழியே, ஆசானாகவும் அவர் நுழைந்தார் என்பது எண்ணத் தக்கது.

அடுத்தவர் மார்லியன் பிக்கெட். மேற்கு ஆஸ்திரேலியாவின் சவுத் பிரீமேன்டில் அணியில் ஆடிவந்த இவர் பல தெரிவுகளில் கருதப்படாது விடுபட்டவர். 2019 மே திங்களில் நடந்த இடைப்பருவத் தெரிவில் ரிச்மண்ட் கழகம் அவரைக் கொண்டபோது அவருக்கு வயது 27. அப்பருவத்தில் இரண்டாம் அணியிலேயே ஆடினார். செப்டம்பர் 22ஆம் நாள் நடந்த வி.எஃப்.எல். இறுதிப் போட்டியில் களத்தின் தலைசிறந்த வீரராகத் தேர்வு பெற்றார். ஆறே நாட்கள் கழித்து, ஏ.எஃப்.எல். இறுதிப் போட்டியே அவருடைய முதல் ஏ.எஃப்.எல். ஆட்டமாக அமைந்தது. 1952க்குப் பின் அத்தகைய பேறு எவருக்கும் வாய்த்ததில்லை. ரிச்மண்ட் 89 புள்ளிகள் வேறுபாட்டில் வென்றது. பிக்கெட்டும் ஒரு கோல் உதைத்தார். இளமை என்பது பதினெட்டு வயதோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும், இரண்டாம் அணியின் ஆட்டத்தைத் தெரிவாளர் உள்ளபடியே கண்ணுற்றால் எத்தகைய துணிவு பிறக்கும் என்பதையும் இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மூன்றாமவர் பஷார் ஹூலி. லெபனான் நாட்டிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு மெல்போர்னில் பிறந்தவர். இஸ்லாமிய நெறியை வெளிப்படையாகக் கைக்கொண்டு, தொழுகையைத் தவறவிடாது இவ்வாட்டத்தின் உயர்மட்டத்தில் ஆடியவர். எசண்டன் கழகத்தில் 2007 முதல் 2010 வரை நான்கு பருவங்கள் இருந்தும் முதலணியில் அவர் ஆடியவை 26 ஆட்டங்களே. எஞ்சிய வாரங்களில் பலவற்றை அவர் இரண்டாம் அணியில் கழித்தார். பின்னர் ரிச்மண்ட் கழகத்திற்கு மாறி, 2017, 2019, 2020 ஆகிய மூன்று பட்டங்களில் பங்கு கொண்டார். 2019இல் நாட்டின் தலைசிறந்த வீரரைக் கொண்டு பெயரளவில் அமைக்கப்படும் ஆல் ஆஸ்திரேலியன் அணியிலும் இடம் பெற்றார். இன்று அவர் பெயரால் அமைந்த அறநிறுவனம் அந்நாட்டு முஸ்லிம் இளைஞரை விளையாட்டின் வழியே நெறிப்படுத்தி வருகிறது. நான்காண்டுக் காத்திருப்பு அவரை முறித்துவிடவில்லை. ஆயினும் அவரைப்போல் மற்றொரு வாயில் திறக்கக் காணாது திரும்பிச் சென்றோர் எத்துணையரோ என்னும் எண்ணமும் நம் நெஞ்சில் எழாமல் இல்லை.

மூத்தோரின் கடன், ஊரின் உரிமை

இரண்டாம் அணியில் கழகத்தின் முழுநேர வீரர் மட்டும் ஆடுவதில்லை. பகலில் வேறு தொழில் பார்த்து, மாலையில் பயிற்சிக்கு வரும் பகுதிநேர வீரரும் ஆடுகின்றனர். இவருள் பலர் இனி முதலணிக்குச் செல்லும் வாய்ப்பற்றவர். தாம் ஏறப்போகாத ஏணியைப் பிறர் ஏறுவதற்காகப் பிடித்து நிற்பவர் இவர். பந்து வருமுன் எங்கே நிற்க வேண்டும், தோழன் தவறியவுடன் அவனிடத்தை எவ்வாறு மூட வேண்டும், களைத்த நான்காம் கால்பகுதியில் குரல் கொடுப்பது எவ்வளவு இன்றியமையாதது என்பனவற்றை இளைஞன் கரும்பலகையில் கற்பதில்லை. இவர்தம் பக்கத்தில் ஓடிக் கற்கிறான்.

இங்கே ஒரு நியாயத்தையும் மறைக்காது கூற வேண்டும். பெருங்கழகத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வாரம் வந்து சேர்ந்தால், பருவம் முழுதும் உழைத்த ஊர்க்காரர் அத்தனை பேர் தம் இடத்தை இழக்கின்றனர். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2014 முதல் பிரீமேன்டில் கழகத்தோடு உடன்பாடு கொண்ட பீல் தண்டர் அணி 2016, 2017 ஆகிய ஆண்டுகளில் மாநிலப் பட்டத்தை வென்றபோது, பிற கழகங்களின் ஆதரவாளர் அவ்வெற்றியை மனமுவந்து பாராட்டவில்லை. பெருங்கழக வீரரின் துணையால் வந்த வெற்றி என்று குறை கூறினர். விக்டோரியாவிலோ, எப்பெருங்கழகத்தின் துணையுமின்றித் தனித்து நின்ற வில்லியம்ஸ்டவுன் 2015இலும், போர்ட் மெல்போர்ன் 2017இலும், வெரிபீ 2024இலும் பட்டம் வென்றன. ஊர்ப்பற்றும் கூட்டுழைப்பும் எத்துணை ஆற்றல் உடையன என்பதற்கு இவ்வெற்றிகள் சான்று. ஆதலின் ஊர்க் கழகத்தை வெறும் வாடகைக் களமாகக் கருதும் பெருங்கழகம், தன் இளைஞர் கற்க வேண்டிய முதன்மையான பாடத்தைத் தானே அழித்துவிடுகிறது என்போம்.

செலவைக் குறைக்கும்போது

2020ஆம் ஆண்டின் பெருந்தொற்று இவ்வமைப்பின் நலிவை வெளிப்படுத்தியது. அவ்வாண்டு வி.எஃப்.எல். போட்டி முற்றிலும் கைவிடப்பட்டது. முதலணியினர் மட்டும் தனி ஏற்பாடுகளுடன் பல மாநிலங்களுக்குச் சென்று ஆடினர். எஞ்சிய இளைஞருக்கு, புள்ளிப் பட்டியலும் ஊராரும் இல்லாத பயிற்சி ஆட்டங்களே கிட்டின. வருவாய் குன்றியதால் கழகங்கள் பயிற்சித் துறைக்குச் செலவிடும் தொகைக்கு உரிய உச்சவரம்பும் குறைக்கப்பட்டது. துணைப் பயிற்சியாளரும் வளர்ச்சிப் பயிற்சியாளரும் பலர் பணியிழந்தனர்.

பணம் சுருங்கும்போது முதல் வெட்டு இளைஞர் வளர்ச்சியின்மீதே விழுகிறது. முதலணியின் நட்சத்திர வீரனுக்குரிய ஊதியம் கண்ணுக்குத் தெரிகிறது; பதினெட்டு வயது இளைஞனோடு நாள்தோறும் அரைமணி நேரம் தனித்திருந்து அவன் உதைக்கும் முறையைத் திருத்தும் ஆசிரியரின் பணி எப்பட்டியலிலும் இடம்பெறுவதில்லை. ஆனால், 2019இல் ரிச்மண்ட் இரண்டாம் அணியைப் பயிற்றிப் பட்டம் பெறச் செய்த கிரேக் மெக்ரே, 2022இல் காலிங்வுட் கழகத்தின் பொறுப்பேற்று, 2023இல் ஏ.எஃப்.எல். பட்டத்தையே வென்று தந்தார். இரண்டாம் அணி வீரரை மட்டுமன்றி ஆசிரியரையும் உருவாக்குகிறது. அங்கே செய்யும் செலவு வீண் செலவன்று, விதைநெல்லை ஒத்தது. பசி வந்தபோது விதைநெல்லைக் குத்தி உண்பவன் அடுத்த பருவத்தில் எதை விதைப்பான்?

கோல்ட் கோஸ்ட் கழகத்தையும் இங்கு நினைவுகூரலாம். 2011இல் ஏ.எஃப்.எல். போட்டியில் சேர்ந்த அக்கழகம் பல்லாண்டு தோல்வியே கண்டது. 2023இல் அதன் இரண்டாம் அணி வி.எஃப்.எல். பட்டம் வென்றது. 2025இல் முதலணி தன் வரலாற்றில் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெற்றது. முன்னதே பின்னதற்கு முழுக் காரணம் என்று நாம் கூறவில்லை. ஆயினும் வென்று பழகிய இளைஞர் கூட்டம் ஒரு கழகத்தின் மனநிலையை மாற்றும் என்பதை எவரும் மறுக்கவியலாது.

ஏறாதோர்க்கு என்ன கடன்?

இதுவரை மேலேறியோரைப் பற்றியே பேசினோம். அதுவும் ஒருவகையில் வென்றோர் கதையே. தெரிவு செய்யப்பட்டோருள் பலர் சில ஆண்டுகளில் விடுவிக்கப்படுகின்றனர். முதலணியில் ஓர் ஆட்டமும் ஆடாது செல்வோரும் உளர். இருபது அல்லது இருபத்தோரு வயதில், கற்ற கல்வியும் இடையில் நிற்க, தன்னைத் தன்னூர் எவ்வாறு வரவேற்குமோ என்னும் நாணத்தோடு திரும்பும் இளைஞனை எண்ணிப் பாருங்கள். ஒரு வளர்ப்பு முறையின் மேன்மையை அது உருவாக்கிய வாகையாளரைக் கொண்டு அளப்பது எளிது. அது விடைகொடுத்து அனுப்பியோரின் நிலையைக் கொண்டு அளப்பதே நேர்மை.

வீரர் சங்கம் கல்விக்கும் தொழிற்பயிற்சிக்கும் உதவி வழங்கி வருவது பாராட்டிற்குரியது. ஆயினும் உதவி இருப்பது ஒன்று; இளைஞன் அதைப் பெறும் மனநிலையில் இருப்பது மற்றொன்று. பயிற்சியாளரே ‘படிப்பை விடாதே’ என்று கூறினால்தான் அவன் கேட்பான். படிப்பில் நாட்டம் செலுத்துவது ஆட்டத்தில் பற்றின்மையைக் காட்டும் என்று அவன் அஞ்சும்படி ஒரு கழகம் நடந்துகொள்ளுமாயின், அது இளைஞனை வளர்க்கவில்லை, பயன்படுத்துகிறது.

நாம் வேண்டுவன

மேற்கூறியவற்றால் நாம் வலியுறுத்த விரும்புவன நான்கு. முதலாவது, ஓர் இளைஞனைப் புதிய இடத்தில் ஆடவிட்டால், அதைக் கற்கப் போதிய வாரங்கள் அளிக்க வேண்டும். வாரமொரு இடமாய் மாற்றுவது அவனைக் குழப்புமேயன்றி வளர்க்காது. இரண்டாவது, ஊர்க் கழகத்து மூத்த வீரருக்கு உரிய இடமும் மதிப்பும் காக்கப்பட வேண்டும். மூன்றாவது, வளர்ச்சிப் பயிற்சியாளரின் பணி செலவுக் குறைப்பின் முதற் பலியாதல் கூடாது. நான்காவது, தெரிவு செய்யப்படாத ஒவ்வொருவனுக்கும் ஒவ்வொரு வாரமும் அதன் காரணம் நேர்முகமாகக் கூறப்பட வேண்டும்.

இந்நான்கனுள் நான்காவதே தலையாயது என்பது நம் கருத்து. அதற்குப் பணமும் வேண்டா. புதிய விதியும் வேண்டா. ‘உன் இடக்கால் உதை இன்னும் உறுதியாகவில்லை, அது உறுதியாகும்வரை இங்கு ஆடு’ என்று கூறப்பட்டவன் திங்கட்கிழமை காலையில் இடக்காலால் நூறு முறை உதைப்பான். ஒன்றும் கூறப்படாதவன் தன் தகுதியை ஐயுறுவான். பின்னர்ப் பயிற்சியாளரின் நடுநிலையை ஐயுறுவான். இறுதியில் உழைப்பின் பயனையே ஐயுறுவான். இளைஞனைக் காத்திருக்கச் செய்வது குற்றமன்று. காரணம் கூறாது காத்திருக்கச் செய்வதே குற்றம். உண்மை கசக்குமே என்று அஞ்சி அதை மறைப்பவர், அவன்மீது அன்பு காட்டுவதாக எண்ணி அவனுடைய ஆண்டுகளைத் திருடிக்கொள்கின்றனர்.

இம்மலரைக் கையில் ஏந்தும் மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். முதற் பட்டியலில் பெயர் காணாதபோது மிட்சலின் 2002ஆம் ஆண்டை நினையுங்கள். கிடைத்த களத்தில் தலைசிறந்து நில்லுங்கள். மேலிருப்போர் காணாவிடினும் உங்கள் கால்கள் கற்றது வீணாகாது. ஆசிரியப் பெருமக்களுக்கும் சமுதாயப் பெரியோர்க்கும் ஒரு வேண்டுகோள். நம் பொறுப்பிலுள்ள ஒவ்வோர் அமைப்பிலும் ஓர் இரண்டாம் அணி உண்டு. அங்கே நிற்போரின் பெயர்களை நாம் அறிவோமா, அவர்கள் ஏன் அங்கே நிற்கின்றனர் என்பதை அவர்களிடமே நாம் கூறியிருக்கின்றோமா என்று நம்மை நாமே வினவிக்கொள்வோமாக.